திரும்பும்போது ‘டக்... டக்...’, கழற மறுக்கும் போல்ட், நெருங்கும் பிரசவத் தேதி! - ஓர் ஆக்சில் மாற்றிய நாள்

தூத்துக்குடி மாவட்டத்தில் ஆறுமுகநேரியைத் தாண்டிப் போகிறவர்களுக்குத் தெரியும். சாலையின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல்கள். அவற்றின் மேல் ஓலைக் கீற்று அல்லது தார்ப்பாய். காற்றில் நாக்கை நீட்டினால் கரிக்கும் போலிருக்கும். இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்து அதிகமாக உப்பு விளையும் மாநிலம் தமிழ்நாடு. அதில் பெரும்பங்கு இந்த மாவட்டத்தில்தான். அந்த உப்பு நம் சாம்பாருக்கு நல்லது. காருக்கு?

அந்தப் பக்கத்தில் ஒரு சின்ன மெக்கானிக் ஷெட். தகரக் கூரை, முன்னால் ஒரு வேப்பமரம். உப்பளத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்ற ஒருவர், காலை 8 மணிக்கெல்லாம் தன் பழைய காரைக் கொண்டுவந்து மரத்தடியில் நிறுத்தினார். நிறுத்துவதற்காக ஸ்டீயரிங்கை முழுசாக ஒடிக்கும்போதே சத்தம் கேட்டது. ‘டக்... டக்... டக்...’

“தம்பி, சத்தம் கூடிட்டே போகுது. இன்னிக்கு முடிஞ்சிருமா?” என்றார் இறங்கியதும்.

“என்ன அவசரம் அண்ணாச்சி?”

“மக தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கா. டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் அஞ்சு நாள்தான். வலி எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்? ராத்திரியில தூத்துக்குடி பெரியாஸ்பத்திரிக்குப் போகணும்னா இந்த வண்டிதான்.”

மெக்கானிக்குக்கு ஐம்பதைத் தாண்டிய வயசு. வண்டியைப் பார்ப்பதற்கு முன் அவர் காலண்டரைப் பார்த்தார். பிறகு தரையில் படுத்து, முன் சக்கரத்துக்கு உள்ளே டார்ச் அடித்தார். ரிம்மின் உள்பக்கம் முழுக்க கறுப்பு கிரீஸ் தெறித்துக் காய்ந்திருந்தது. விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டது.

300 ரூபாய் ரப்பர் கிழிந்தால்...

முன் சக்கரங்களை இன்ஜின் இழுக்கும் வண்டிகளில், கியர் பாக்ஸிலிருந்து ஒவ்வொரு முன் சக்கரத்துக்கும் ஓர் இரும்புத் தண்டு போகும். புத்தகத்தில் டிரைவ் ஷாஃப்ட் என்று இருக்கும். நம் ஊர் ஷெட்களில் அதற்கு ஒரே பெயர்தான்: ஆக்சில். அம்பாசடரும் பத்மினியும் பின் சக்கரத்தால் தள்ளப்பட்ட வண்டிகள். அவற்றில் இந்தத் தண்டு முன்னால் கிடையாது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகுதான் முன் ஆக்சில் நம் நடுத்தரக் குடும்பங்களின் செலவுக் கணக்கில் நுழைந்தது.

இந்தத் தண்டுக்கு இரண்டு வேலை. சக்கரத்தைச் சுழற்ற வேண்டும். அதே நேரம், சக்கரம் இடம் வலமாகத் திரும்பும்போதும், பள்ளத்தில் இறங்கி ஏறும்போதும் தானும் வளைந்துகொடுக்க வேண்டும். இரும்புத் தண்டு எப்படி வளையும்? அதற்காகத்தான் இரண்டு முனையிலும் ஒரு மூட்டு. நம் தோள்பட்டை மாதிரி. சக்கரத்துப் பக்க மூட்டுக்குள் பெரும்பாலும் 6 எஃகுக் குண்டுகள் இருக்கும். அவை குழிந்த பாதைகளில் உருண்டபடியே, 40 டிகிரிக்கு மேல் திரும்பினாலும் ஒரே சீரான வேகத்தில் சுழற்சியைக் கடத்தும். 1920களில் ஆல்ஃபிரட் ஷெப்பா என்ற பொறியாளர் யோசித்துக் கண்டுபிடித்த அமைப்பு இது. 1959-ல் பிரிட்டனில் வந்த மினி கார் இதைச் சாதாரண மக்களின் வண்டிக்குள் கொண்டுவந்தது. இன்று நம் தெருவில் ஓடும் சின்ன கார்களில் பெரும்பாலானவற்றில் இதுதான்.

குண்டுகள் உருள கிரீஸ் வேண்டும். கிரீஸ் வெளியே போகாமல் இருக்க, மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை. பூட் என்பார்கள். மொத்தச் சங்கதியும் இந்த ரப்பரில்தான் இருக்கிறது. வெயிலிலும் வயசிலும் மடிப்பில் சின்ன வெடிப்பு விழும். சக்கரம் சுழலச் சுழல கிரீஸ் வெளியே தெறிக்கும். காலியான இடத்தில் மணலும் தண்ணீரும் போகும். வெடிப்பு விழுந்த உடனே கவனித்தால் சில நூறு ரூபாயில் ரப்பரையும் கிரீஸையும் மாற்றிவிடலாம். கவனிக்காமல் விட்டால், மணல் அரைத்து அரைத்துக் குண்டுகளும் பாதையும் தேய்ந்து, திரும்பும்போது ‘டக் டக்’ வரும். சத்தம் வந்துவிட்டால் ரப்பர் மாற்றிப் பயனில்லை. ஆக்சிலையே மாற்ற வேண்டும். அது சில ஆயிரம் ரூபாய். சத்தத்தோடு மாதக்கணக்கில் ஓட்டினால் ஒருநாள் மூட்டு உடையும். இன்ஜின் உறுமும், வண்டி நகராது. அது கர்ப்பிணிப் பெண்ணோடு நடுராத்திரியிலும் நடக்கலாம்.

அண்ணாச்சி கேட்டது ரப்பர் விலை. மெக்கானிக் சொன்னது ஆக்சில் விலை. கொஞ்ச நேரம் மௌனம். “சரி, மாத்திரு” என்றார்.

வேலை ஒரு மணி நேரம், போல்ட் ஒரு நாள்

ஆக்சில் மாற்றுவது பெரிய வித்தை இல்லை. நல்ல நிலையில் இருக்கும் வண்டியில், பழகிய கைக்கு ஒன்றரை மணி நேரம் போதும். ஆனால் இது உப்புக் காற்றில் பல வருஷம் நின்ற வண்டி.

முதல் நட், சக்கரத்தின் நடு மையத்தில் இருக்கும் ஆக்சில் நட். இதைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே லூஸ் செய்துவிட வேண்டும். ஜாக்கியில் தூக்கிய பிறகு தொட்டால் சக்கரமும் சேர்ந்து சுற்றும். பலமாக இழுத்தால் வண்டி ஜாக்கியிலிருந்து சரியும். அண்ணாச்சியை உள்ளே உட்காரவைத்து பிரேக்கை மிதிக்கச் சொன்னார். நட்டின் விளிம்பைத் தண்டின் பள்ளத்துக்குள் அடித்து மடக்கியிருந்ததைச் சின்ன உளியால் நிமிர்த்தினார். சில வண்டிகளில் இந்த இடத்தில் பின் கோத்திருக்கும். அதை எடுக்காமல் இழுத்தால் மரை போய்விடும்.

மரை. எவ்வளவு அழகான சொல்! ஆங்கிலத்தில் எதையோ சொல்லித் திணறுகிறவர்கள்கூட ஷெட்டுக்குள் வந்தால் மரை என்றுதான் சொல்கிறார்கள். ‘மரை கழண்டவன்’ என்று வீட்டில் திட்டு வாங்கியவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

பாக்ஸ் ஸ்பேனரின் கைப்பிடியில் ஒரு மீட்டர் நீள இரும்புக் குழாயைச் சொருகினார். இதில் பள்ளிக்கூட அறிவியல் இருக்கிறது. 25 சென்டிமீட்டர் கைப்பிடியில் 80 கிலோ பலத்தோடு இழுத்தால் கிடைக்கும் திருகு விசை, ஒரு மீட்டர் குழாயின் முனையில் 20 கிலோ பலத்திலேயே கிடைத்துவிடும். அதனால்தான் ஒல்லியான மெக்கானிக்குகள் பெரிய நட்டுகளைக் கழற்றுகிறார்கள். ஆக்சில் நட் ‘கிர்ர்’ என்று முனகி இளகியது.

வண்டியை ஜாக்கியில் ஏற்றி, உடனே ஸ்டாண்டு கொடுத்து, கழற்றிய சக்கரத்தையும் வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டார். ஸ்டாண்டு வழுக்கினாலும் வண்டி சக்கரத்தின் மேல்தான் உட்காரும், ஆளின் மேல் அல்ல. இரண்டு செங்கல்லை அடுக்கிவைத்து அடியில் படுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அடுத்தது பால் ஜாயிண்ட் போல்ட். சக்கரத்தைத் தாங்கும் வார்ப்பு இரும்புக்கு நக்கிள் என்று பெயர். கீழ்க்கையின் முனையில் இருக்கும் பால் ஜாயிண்ட்டின் தண்டு, இந்த நக்கிளில் ஒரு துளைக்குள் நுழைந்திருக்கும். குறுக்கே ஒரு போல்ட் அதைக் கவ்விப் பிடித்திருக்கும். அதை உருவினால் நக்கிளை வெளிப்பக்கம் இழுத்து ஆக்சிலை எடுத்துவிடலாம். உருவினால்தான்!

மெக்கானிக் எண்ணெய் அடித்துவிட்டு, “கொஞ்சம் ஊறட்டும்லே, தொடாதே” என்று உதவியாளர் பையனிடம் சொல்லிவிட்டு, புது ஆக்சிலுக்கு போன் போடப் போனார். பையனுக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயசு. வீட்டில் ஒரு பெண் வலி வருமோ என்று காத்திருக்கிறாள் என்ற செய்தி அவன் காதிலும் விழுந்திருந்தது. சீக்கிரம் முடித்துக்கொடுத்தால் நல்லதுதானே! குழாயை எடுத்துச் சொருகினான். இழுத்தான்.

‘டிக்.’

சத்தம் சின்னதுதான். போல்ட்டின் தலை தரையில் உருண்டு வேப்பமர வேரில் போய் முட்டி நின்றது. மீதிப் போல்ட் நக்கிளுக்குள்ளேயே இருந்தது.

துரு எப்படிப் பிடிக்கிறது?

இரும்பும் ஈரமும் காற்றும் சேர்ந்தால் துரு. நடுவில் உப்பு சேர்ந்தால் ஈரத்தில் மின்னோட்டம் எளிதாகப் பாயும். வேலை வேகமாக நடக்கும். இது எல்லோருக்கும் தெரிந்த பாடம். பலருக்குத் தெரியாதது, துரு இடத்தை அடைக்கும் என்பது. ஒரு பங்கு இரும்பு துருவானால், அது இரண்டு பங்குக்கும் மேலான இடத்தைக் கேட்கும். கான்கிரீட் கூரையில் கம்பி துருப்பிடித்து, காரை பெயர்ந்து விழுவது இதனால்தான். போல்ட்டுக்கும் துளைக்கும் நடுவே இருப்பது தலைமுடி நுழையும் சந்து. அங்கே உருவாகும் துருவுக்கு வெளியேற வழியில்லை. உள்ளேயே இறுகி, இரண்டையும் ஒன்றாகக் கவ்விக்கொள்கிறது. அதற்குள் ஏற்கெனவே அரித்து மெலிந்துவிட்ட போல்ட்டை முழு பலத்தோடு இழுத்தால், துரு விடாது. போல்ட் விட்டுவிடும்.

மெக்கானிக் திரும்பி வந்தார். பையன் தலையைக் குனிந்து நின்றான். “அண்ணே... நான்தான்...”

உடைந்த முகத்தை டார்ச் அடித்துப் பார்த்தார். விளிம்பெல்லாம் கறுத்திருந்தது, நடுவில் மட்டும் கொஞ்சம் வெள்ளி நிறம். பாதிக்கு மேல் ஏற்கெனவே போய்விட்ட போல்ட். “விடுலே. எங் கையில இருந்தாலும் உடைஞ்சிருக்கும். ஒரு மணி நேரம் கழிச்சு உடைஞ்சிருக்கும், அவ்ளோதான்” என்றார். திட்டு விழும் என்று எதிர்பார்த்திருந்த அண்ணாச்சிக்கே ஆச்சரியம்.

அவர் தன்னைத்தான் நொந்துகொண்டார். முந்தின நாள் சாயங்காலமே வண்டியை வரச்சொல்லி எண்ணெய் அடித்து, ராத்திரி முழுக்க ஊறவைத்திருக்க வேண்டும். இறுகிய போல்ட்டுக்கு முதல் மருந்து நேரம்தான்.

ஊறவை, தட்டு, ஆட்டு

இப்போது வழி மாறியது. உடைந்த போல்ட் உள்ளே இருப்பதால் பால் ஜாயிண்ட்டும் நக்கிளும் பிரியாது. நக்கிளைக் கீழ்க்கையோடு சேர்த்து மொத்தமாக இறக்கி லேத் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்கு இன்னும் பல போல்ட்டுகள் கழற வேண்டும். ஒவ்வொன்றும் அதே உப்புக் காற்றைக் குடித்தவை.

இந்த முறை அவசரமில்லை. வயர் பிரஷ்ஷால் ஒவ்வொரு போல்ட்டின் வெளியே நீட்டிக்கொண்டிருந்த மரையையும் தேய்த்துச் சுத்தம் செய்தார்கள். வெளியே இருக்கும் துருவோடு நட் திரும்பி வந்தால் பாதி வழியில் மறுபடி இறுகும். பிறகு எண்ணெய். கடைகளில் இதற்கென்றே ஸ்பிரே கிடைக்கிறது. பிரபலமான டபிள்யூ.டி. 40 என்பது 1953-ல் அமெரிக்காவில் ஏவுகணையின் உடம்பைத் துருவிலிருந்து காக்க உருவான திரவம். பெயரே ‘ஈரத்தை விலக்குவது, 40-வது முயற்சி’ என்பதன் சுருக்கம்தான். ஸ்பிரே வருவதற்கு முன்பு நம் ஷெட்களில் டீசலும் மண்ணெண்ணெயும்தான்; இன்றும் பல இடங்களில் அவைதான்.

எண்ணெய் விட்டுச் சும்மா இருந்தால் போதாது. போல்ட் தலையில் சுத்தியலால் அளவாகத் தட்ட வேண்டும். அடி அல்ல, தட்டு. அந்த அதிர்வில் துருவில் நுண்ணிய விரிசல் விழும். அதன் வழியே எண்ணெய் இறங்கும். பிறகு கழற்றும் திசையில் இழுப்பதற்கு முன், முறுக்கும் திசையில் ஒரு துளி அசைத்துப் பார்க்க வேண்டும். கேட்க முரணாக இருக்கும். ஆனால் அசைவு எந்தப் பக்கம் வந்தாலும் துருவின் பிடி உடைந்தது என்று அர்த்தம். அசைந்ததும் கால் சுற்று கழற்று, அரைக்கால் சுற்று திரும்ப முறுக்கு, மறுபடி எண்ணெய், மறுபடி கழற்று. இறுகிய ஊறுகாய் ஜாடி மூடியோடு மல்லுக்கட்டிய எந்த அம்மாவுக்கும் இந்த நுட்பம் தெரிந்திருக்கும்.

ஸ்பேனரும் முக்கியம். 12 மூலை உள்ள பாக்ஸ், நட்டின் முனைகளில் மட்டும்தான் பிடிக்கும். துருப்பிடித்த நட்டில் வழுக்கி, முனையை மழுங்கவைத்துவிடும். 6 மூலை பாக்ஸ் பட்டையான பக்கங்களில் பிடிக்கும். ஒருமுறை வழுக்கிவிட்டால் பிறகு உளியும் வெல்டிங்கும்தான் கதி. இன்னொன்று, கழற்றும் திசை எது என்று தெரியாமல் குழாய் போடவே கூடாது. சைக்கிளின் இடது பெடலில் இருப்பது எதிர் மரை. அதைத் தெரியாமல் முறுக்கி முறுக்கி இறுக்கிவிட்டு வியர்த்துப்போனவர்கள் எத்தனை பேர்!

பிரேக் கேலிப்பரைக் கழற்றி, ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டினார்கள். டை ராடு முனை கழன்றது. கீழ்க்கையை வண்டியோடு பிணைக்கும் உள்பக்க போல்ட் அதிசயமாகச் சட்டென்று வந்தது. எப்போதோ, யாரோ ஒரு புண்ணியவான் கிரீஸ் வைத்து மாட்டியிருக்கிறார். ஷாக் அப்சார்பரின் மேல் போல்ட் ஒரு மணி நேரத்தில் வந்தது.

கீழ் போல்ட்தான் உயிரை வாங்கியது. நட் கழன்றுவிட்டது. ஆனால் போல்ட்டின் தண்டு நக்கிள் துளைக்குள் பிடித்துக்கொண்டது. இங்கே கேஸ் தீயைக் காட்டலாமே என்று யாருக்கும் தோன்றும். மெக்கானிக் காட்டவில்லை. ஷாக் அப்சார்பருக்குள் எண்ணெய் இருக்கிறது. சில வண்டிகளில் அழுத்தத்தில் கேஸும் இருக்கிறது. மூடிய குழாயைச் சூடாக்குவது குண்டோடு விளையாடுவது. பக்கத்தில் பிரேக் ஹோஸ் வேறு.

நட்டைத் திரும்ப மாட்டி, போல்ட்டின் முனையோடு சமமாக நிறுத்தினார். வெறும் முனையில் அடித்தால் அது காளான் மாதிரி விரிந்து, துளை வழியே வராது. நட் காவலாக இருந்தால் அடி அதன் மேல் விழும். தலையைப் பிடித்து அரைச் சுற்று முன்னும் பின்னும் ஆட்டுவது, எண்ணெய், ஓர் அடி. மறுபடி. (சில கார்களில் இந்த போல்ட்டின் தலைக்கு அடியில் முள் முள்ளாக வரி இருக்கும். அதைத் திருப்பக் கூடாது. நேராக அடித்துத்தான் எடுக்க வேண்டும்.) முக்கால் மணி நேரத்தில் காவி நிறத் தூளோடு போல்ட் வெளியே வந்து விழுந்தது. பையன் விசிலடித்தான்.

இதற்குள் அண்ணாச்சிக்கு வீட்டிலிருந்து இரண்டு போன் வந்துவிட்டது. இரண்டுக்கும் அவர் ஒரே பதில்தான் சொன்னார்: “வந்துருவேன்.”

ஆக்சிலும் சும்மா வரவில்லை. சக்கரத்துப் பக்கம் பல்வரிசையில் துரு. அதைச் சம்மட்டியால் அடித்தால் பேரிங்குக்கும் கியர் பாக்ஸுக்கும் அடி போகும். மூன்று கால் புல்லரை மாட்டி மெதுவாகத் தள்ளினார்கள். உள்முனையை எடுக்கும் முன் கியர் ஆயிலை வடித்தாயிற்று. வடிக்காமல் உருவினால் ஆயில் முகத்தில்தான். உள்முனையைத் தண்டைப் பிடித்து இழுக்கக் கூடாது. மூட்டு பிரிந்து கையோடு வந்துவிடும். கியர் பாக்ஸை ஒட்டி நெம்பினால் உள்ளே இருக்கும் கம்பி வளையம் விட்டுக்கொடுக்கும். ‘டப்’ என்று வந்தது.

“அதான் ஆக்சில் வந்துட்டே, மாட்டிருவோமே?”

மணி 3. புது ஆக்சிலும் வந்துவிட்டது. பழையதையும் புதியதையும் பக்கத்தில் படுக்கவைத்து நீளம் பார்த்தார்கள். பல் எண்ணிக்கையை விரல் வைத்து எண்ணினார்கள். ஒரே காரிலேயே மாடலுக்கு மாடல் மாறும், இடது வலது மாறும்.

அப்போதுதான் அண்ணாச்சி கேட்டார். “தம்பி, ஆக்சில் வந்துட்டு. அந்த ஒடைஞ்ச போல்ட்டு உள்ளேயேதானே இருக்கு? கழறவே மாட்டேங்குதுன்னா கெட்டியாத்தானே பிடிச்சிருக்கு? அப்படியே மாட்டிருவோமா? பிரசவம் முடியட்டும், பெறகு பாத்துக்கிடலாம்.”

நியாயமான கேள்வி மாதிரிதான் தெரியும். பதில் அப்படியல்ல. அந்த போல்ட் வெறும் ஆணி அல்ல. தலையும் மரையும் இரண்டு பக்கமும் இழுத்து நக்கிளின் பிளவை நெருக்கினால்தான் பால் ஜாயிண்ட்டின் தண்டு கவ்வப்படும். தலை போனதும் அந்த நெருக்கம் போய்விட்டது. குலுங்கிக் குலுங்கி மீதியும் நகர்ந்தால், ஒரு பள்ளத்தில் தண்டு உருவிக்கொள்ளும். சக்கரம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து படுத்துவிடும். ஸ்டீயரிங் கையில் இருக்கும்; திரும்ப சக்கரம் இருக்காது.

“இந்த வண்டியில யாரு போகப் போறா அண்ணாச்சி?” என்று மட்டும் கேட்டார் மெக்கானிக்.

அண்ணாச்சி பதில் பேசவில்லை. தன் டி.வி.எஸ். 50-ஐக் கொண்டுவரச் சொல்லி, நக்கிளைச் சாக்கில் கட்டிப் பின்னால் வைத்து, அவரே பையனோடு லேத் பட்டறைக்குப் போனார்.

வெல்டிங் தீயின் உபகாரம்

உடைந்த போல்ட்டை எடுக்கப் பல வழிகள் உண்டு. நடுவில் துளையிட்டு, எதிர் மரை உள்ள எக்ஸ்ட்ராக்டரை முறுக்கி எடுக்கலாம். புத்தகங்களில் இது சுலபமாகத் தெரியும். துருப்பிடித்த போல்ட்டில் அந்த எக்ஸ்ட்ராக்டரே உள்ளே உடைந்தால் கதை முடிந்தது; அது டிரில் பிட்டே இறங்காத கடின எஃகு. அதனால் லேத்காரர்கள் அதை அவ்வளவாக நம்புவதில்லை.

பட்டறைக்காரர் செய்தது வேறு. உடைந்த முனை கொஞ்சம் வெளியே தெரிந்தது. அதன் மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் துளை வழியே வெல்டிங் வைத்தார். இதில் ஒரே கல்லில் இரண்டு மாங்காய். ஸ்பேனர் பிடிக்கப் புதுத் தலை கிடைக்கிறது. அந்தச் சூடு போல்ட்டின் அடி வரை இறங்கி, துருவின் பிடியையும் உடைக்கிறது. வெல்டிங்கின் எர்த் கிளிப்பை போல்ட்டுக்குப் பக்கத்திலேயே நக்கிளில் மாட்டினார். தள்ளி ஹப்பில் மாட்டினால் கரண்ட் பேரிங்குக்குள் பாய்ந்து அதைக் கெடுத்துவிடும்.

முதல் நட் வெல்டோடு பிய்த்துக்கொண்டு வந்தது. மறுபடி வைத்தார். இந்த முறை ஆறும்போது, தொட்டால் சுடும் பதத்தில் ஒரு மெழுகுவத்தியை எடுத்துச் சந்தில் தேய்த்தார். மெழுகு உருகி உள்ளே ஓடியது. சூட்டில் விரிவது எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? 12 மில்லிமீட்டர் துளை 300 டிகிரி சூடேறினால் சுமார் 0.04 மில்லிமீட்டர்தான் அகலும். தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. அந்த அளவு போதும். ஸ்பேனரை வைத்து முன்னும் பின்னும் ஆட்டினார். மூன்றாவது ஆட்டலில் போல்ட் முனகிக்கொண்டு திரும்பியது.

துளைக்குள் டேப் விட்டு மரையைச் சுத்தம் செய்துகொடுத்தார். சூட்டில் பால் ஜாயிண்ட்டின் ரப்பர் உருகியிருந்தது. அது எதிர்பார்த்ததுதான். புதுக் கீழ்க்கையும் வாங்கியாயிற்று. செலவு கூடியது, அண்ணாச்சி மனசுக்குள் கூட்டிக்கொண்டே வந்தார், கணக்கு எழுதிய பழக்கம்.

போல்ட் வாங்கும் இடத்தில் இன்னொரு கேள்வி. துருவே பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் போட்டால் என்ன? நல்ல யோசனை மாதிரி இருக்கும்; ஆனால் கூடாது. காரின் போல்ட் தலையில் 8.8, 10.9 என்று எண் இருக்கும். அது பலத்தின் அளவு. ஹார்டுவேர் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டுகள் அவ்வளவு தாங்காது. சக்கரத்தைத் தாங்கும் இடத்தில் அந்தந்த காருக்கான போல்ட் மட்டும்தான்.

இருட்டிய பிறகு

மாட்டுவது கழற்றியதைப்போல் இல்லை. கையோடு கை போனது. கியர் பாக்ஸில் புது ஆயில் சீல். போல்ட்டுகளின் தண்டுப் பகுதியில் கிரீஸ் தடவினார் மெக்கானிக். மரையில் தடவவில்லை. மரை வழுக்கினால் அதே விசைக்கு போல்ட் அதிகமாக இழுபட்டு, தேவைக்கு மேல் இறுகிவிடும். ஆக்சில் நட் புதிது. ஒருமுறை மடக்கி நிமிர்த்தியதைத் திரும்பப் போடுவதில்லை. அதை முழுசாக இறுக்கும் வரை வண்டியை ஓர் அடிகூட உருட்டவும் இல்லை. ஆக்சில் இறுகாமல் வண்டியின் எடை ஏறினால் வீல் பேரிங் கெட்டுவிடும்.

சக்கரம் தரையைத் தொட்டதும் அண்ணாச்சி மறுபடி உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்தார். மெக்கானிக் டார்க் ரெஞ்சை எடுத்தார். சின்ன கார்களில் இந்த நட்டுக்குப் பெரும்பாலும் 150-லிருந்து 250 நியூட்டன் மீட்டர் வரை கேட்பார்கள். சரியான எண் அந்தந்த காரின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். ‘க்ளிக்’ என்றது. விளிம்பைப் பள்ளத்துக்குள் அடித்து மடக்கினார். கியர் ஆயில் ஊற்றினார்.

7 மணிக்கு வண்டி கிளம்பியது. உப்பளச் சாலையில் இடது பக்கம் முழுசாக ஒடித்து ஒரு வட்டம், வலது பக்கம் ஒரு வட்டம். சத்தம் இல்லை. “100 கிலோமீட்டர் ஓடினதும் ஒருதரம் கொண்டாங்க, எல்லா நட்டையும் பாத்துருவோம். வீல் அலைன்மென்ட்டும் வைக்கணும்” என்றார் மெக்கானிக்.

அண்ணாச்சி பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, கார்க் கதவைத் திறந்தார். மெக்கானிக் அவரை நிறுத்தினார். டார்ச்சை எடுத்துக்கொண்டு இன்னொரு பக்கச் சக்கரத்துக்குப் போய்க் குனிந்தார். அங்கே ரப்பர் மடிப்பில் நூல் மாதிரி ஒரு வெடிப்பு. கிரீஸ் இன்னும் வெளியே வரவில்லை.

“இதுக்கும் இப்பவே செலவு சொல்லிடாத தம்பி...”

“இப்ப வேண்டாம் அண்ணாச்சி. பேரப்புள்ள பொறக்கட்டும். அடுத்த மாசம் ரப்பரை மட்டும் மாத்திக்கிடலாம், சத்தம் வரதுக்கு முன்னாடி.” சொல்லிவிட்டுப் பையனைத் திரும்பிப் பார்த்தார். “ஏலே, அந்த எண்ணெய் டப்பாவை எடு. இந்தப் பக்க போல்ட்டுக்கெல்லாம் இப்பவே வச்சு விடு.”

பையன் ஓடிப்போய் எடுத்துவந்தான். ஒவ்வொரு போல்ட்டாக, நிதானமாக அடித்தான்.